கம்பி முடியும் இடம்

“எங்கண்ணன் ஒரு சத்தம்கூடக் குடுக்கலையா, அத்தான்?”

“குடுத்திருந்தா நான் பட்டனை அமுக்கியிருப்பேனா? சும்மா சும்மா நோண்டாத.”

என் சிநேகிதியின் சித்தப்பாவும் அவருடைய அக்கா புருஷனும் முகம் பார்த்துப் பேசியது அதுதான் கடைசி. பிறகு வேலை விஷயம் தவிர ஒரு வார்த்தை கிடையாது... இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். உரக்கச் சொல்லுகிற கதை இல்லை இது.

அத்தான் ரயில் டிரைவர். அவருடையது இரண்டு விதமாகவும் ஓடுகிற எஞ்சின். மேலே மின்கம்பி இருக்கும்வரை கரண்டில் போகும். கம்பி முடிந்ததும் டீசல். கரண்டில் போகும்போது டீசல் எஞ்சின் அசையாமல் கிடக்கும். அப்படிக் கிடந்த நேரத்தில்தான், சித்தப்பாவின் அண்ணன், அப்போது அத்தானுக்கு உதவியாளராக இருந்தவர், டீசலைக் குளிர வைக்கிற ஃபேனில் ஏதோ தளர்ந்து கடகடக்கிறதே என்று எஞ்சின் அறைக்குள் போனார். கம்பி முடியும் இடம் வந்தது. அத்தான் டீசலை ஸ்டார்ட் செய்தார்...

சொல்லாமல் உள்ளே போய்விட்டான் என்று விசாரணையில் சொன்னார். பழி செத்தவர் தலையில் விழுந்தது.

சித்தப்பா அதே வேலைக்குச் சேர்ந்தார். அதே டிரைவரோடு டூட்டி கேட்டு வாங்கினார். அக்கா இருவருக்கும் ஒரே கேரியரில் சாப்பாடு கட்டிக் கொடுப்பாள். ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு தின்பார்கள்.

ஒன்று மட்டும் சித்தப்பாவை உறுத்தியது. கம்பி முடிய வெகுதூரம் இருக்கும்போதே அத்தான் டீசலை உறும விட்டுவிடுவார். எண்ணெய் வீணாகிறது என்று அதிகாரி திட்டியும் கேட்கவில்லை. எஞ்சின் ஒரு நொடிகூடச் சத்தமில்லாமல் போகக் கூடாது அவருக்கு.

அன்றைக்குப் பொழுது சாயும் நேரம். இரண்டு பக்கமும் பொட்டல்... ஒரு வீடு கிடையாது. திடீரென்று கம்பியில் கரண்ட் போய்விட்டது. மோட்டார் முனகி அடங்கியது. பெட்டி பெட்டியாக ஜனத்தோடு ரயில் வந்த வேகத்தில் சும்மா உருண்டது. டக்... டக்... சக்கரச் சத்தம் மட்டும்.

அத்தான் டீசல் பட்டனுக்குப் பாய்ந்தார். சித்தப்பா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“விடுடா. ஏத்தத்துல நின்னுடும்.”

“நிக்கட்டும். சத்தமில்லாட்டி என்ன ஆகும்னு பார்ப்போம்.”

முழங்கையால் ஓங்கி இடித்தார் அத்தான். சித்தப்பாவின் உதடு கிழிந்தது. பிடியை விடவில்லை.

அப்போதுதான் அந்த வாடை. சூடான எண்ணெய்... கூடவே முடி கருகுகிற வாடை. டீசல் அன்றைக்கு ஓடவே இல்லை.

எஞ்சின் அறைக் கதவுக்கு அந்தப் பக்கம், இரும்புத் தரையில் ஒரு பூட்ஸ் கால் இழுபட்டது. நின்றது.

சித்தப்பா திரும்பி அத்தானைப் பார்த்தார். அந்த முகத்தில் ஆச்சரியமே இல்லை. அடுத்து என்ன வரும் என்று தெரிந்த முகம்.

கதவுக்குப் பின்னாலிருந்து, கத்தாமல், வீட்டுக் கூடத்திலிருந்து கூப்பிடுகிற மாதிரி ஒரு குரல்...

“அத்தான், கை உள்ள இருக்கு. இப்ப ஸ்டார்ட் பண்ணாதீங்க.”