துன்னூறு பூசிய இரும்பு

உங்கள் ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது சார். எங்கள் வீட்டில் ஊட்டியிலிருந்து தூள் வரவழைத்துப் போடுகிறோம், இந்த ருசி வருவதில்லை. எதிர்க்கடையிலிருந்து வாங்கி வந்ததாக ஏட்டு சொன்னார். திரும்பிப் போகும்போது அங்கே ஒரு டீ குடிக்க வேண்டும்.

நான் சொல்லி நீங்கள் எழுதுவதைவிட, நானே எழுதித் தருவது இரண்டு பேருக்கும் வசதி. என் கையெழுத்து சுத்தமாக இருக்கும். பெயர் எட்வர்ட், வயது ஐம்பத்திரண்டு. கும்மிடிப்பூண்டியில் நீங்கள் விசாரிக்கிற அந்த இரும்பு ஆலைக்குப் பதின்மூன்று வருடமாகப் பழைய இரும்பு சப்ளை செய்கிறேன். உலை வெடித்து ஜெரால்ட் இறந்த வழக்கில் தேசப்பன் பெயரை எழுதியிருக்கிறீர்கள். அவர் மேல் தப்பு கிடையாது. அதைச் சொல்லத்தான் வந்தேன். திங்கட்கிழமை அவர் கோர்ட்டில் நிற்க வேண்டுமாம். அதற்குள் இந்தக் காகிதம் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

என்னைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒரு குறையும் இல்லாத ஆள் என்றுதான் சொல்வார்கள். உண்மைதான். மீஞ்சூரில் மாடி வீடு. மணவாள நகரில் ஒரு வீடு, வாடகைக்கு விட்டிருக்கிறேன். ஊத்துக்கோட்டை ரோட்டில் இரண்டு மனை. மகள் ஏஞ்சல் பல் டாக்டருக்குப் படிக்கிறாள். மனைவி ஹெலனுக்கு இந்த வயதில் சர்க்கரை கூடக் கிடையாது. யாருக்கும் பத்து பைசா பாக்கி இல்லை. ஆனாலும் படுத்தால், எதையோ எங்கோ வைத்துவிட்டு வந்தது போல இருக்கும். எழுந்து போய் பீரோவைத் திறந்து பார்ப்பேன். எல்லாம் வைத்த இடத்தில் இருக்கும்.

வாங்கினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். மீஞ்சூர் வீட்டுக்குக் குடிபோனபோது முப்பது நாள் சந்தோஷமாக இருந்தேன். கார் பதினொரு நாள். கையில் கட்டியிருக்கிற இந்தக் கடிகாரம் அன்று சாயங்காலம் வரை. என் அப்பா கூலிக்கு ஏர் ஓட்டிய கழனியை, அந்தக் கழனிக்காரரின் மகனிடமிருந்தே வாங்கினேன். செருப்புக் காலோடு வரப்பில் நடந்தேன். அதுவாவது ஒரு வருடம் தாங்கும் என்று நம்பியிருந்தேன். மூன்று நாள்தான் தாங்கியது.

ஹெலன் ஒரு நாள் தலையில் அடித்துக்கொண்டாள். “உங்களுக்கு இன்னாதாங்க வேணும்? சொல்லித் தொலைங்க, அதையும் வாங்கிடலாம்.” தெரிந்தால் சொல்லமாட்டேனா?

ஜெரால்டை நீங்கள் பிணமாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். அதனால் அவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். அவனும் நானும் ஒரே தெரு, ஒரே பெஞ்சு. அவன் அப்பாவும் அதே கழனியில் ஏர் ஓட்டியவர்தான். ஆலையில் உலைக்குள் இரும்பு போடுகிற வேலை அவனுக்கு, இருபது வருடமாக. சிமெண்ட் ஷீட் போட்ட இரண்டு அறை வீடு, கூரை மேல் ஒரு பரங்கிக் கொடி. அவ்வளவுதான் அவன் ஆஸ்தி. ஷிப்ட் இல்லாத நேரத்தில் வாசலில் கட்டிலைப் போட்டுக் காலை நீட்டிக்கொண்டு, மனைவி தமிழ்செல்வியோடு பேசிக்கொண்டிருப்பான். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நான் காரை மெதுவாக ஓட்டுவேன். என்ன பேசுகிறார்கள் என்று காதில் விழாது. சிரிப்பது மட்டும் கேட்கும்.

போன அக்டோபரில் எங்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. உங்களுக்குத் தெரிந்திருக்கும், தெரியாவிட்டால் சொல்கிறேன். அவரவர் வீட்டில் விளைந்ததைக் கொண்டுவந்து பீடத்தின் முன்னால் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். சபைக்குப் போகிற காசு என்பதால் பத்து ரூபாய்த் தேங்காயை ஐந்நூறுக்கு எடுப்பது அங்கே வழக்கம்தான். ஜெரால்ட் கூரையில் காய்த்த பரங்கிக்காயைக் கொண்டுவந்திருந்தான். ஏலம் விட்ட ஸ்டீபன் நூறு ரூபாயில் ஆரம்பித்தார். நான் ஆயிரம் என்றேன். எதிர்த்துக் கேட்க ஆள் இல்லை. நானே இரண்டாயிரம் என்றேன், நானே ஐந்தாயிரம் என்றேன். ஒன்பதாயிரத்தில் ஸ்டீபனே பயந்துபோய் நிறுத்திவிட்டார். நான் ஜெரால்டின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சின்னக் கணக்காவது அதில் ஓடும் என்று எதிர்பார்த்தேன். அவன் கைதட்டிச் சிரித்தான்.

“இன்னா எட்வர்டு, ஊட்டாண்ட வந்து கேட்டிருந்தா ஓசியிலயே குடுத்திருப்பனே!”

சபையே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்குக் கொண்டுபோய் அந்தக் காயை நானே அரிவாள்மணையில் வெட்டினேன். உள்ளே விதையும் நாரும் இருந்தன. ஹெலன் புளிக்குழம்பு வைத்தாள். பரங்கிக்காய் ருசிதான் இருந்தது.

அதன்பிறகு அவனுக்கு நல்லது செய்யத்தான் பார்த்தேன். இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். என் தொழிலில் கூட்டாளியாகச் சேர்ந்துகொள், காசு போட வேண்டாம், என் பழைய இரும்பு யார்டை மட்டும் பார்த்துக்கொள் என்றேன். ஆலை வாசல் டீக்கடையில் வைத்துத்தான் கேட்டேன்.

“இன்னாத்துக்குப்பா அந்த பேஜாரு? ஷிப்ட் முடிஞ்சா ஊட்டுக்குப் போயி கால நீட்டணும். எனக்கு இதுவே போதும்.”

“போதும்னு சொல்றதுக்கு உங்கிட்ட இன்னாடா கீது?” என்று கேட்டேன். சாதாரணமாகத்தான் கேட்டேன்.

அவன் டம்ளரைக் காலி செய்தான். பிறகு என் தோளில் கை வைத்தான். “உன்ன பாத்தா பாவமா கீது எட்வர்டு. தூங்குறியா நீ?”

கிண்டல் இல்லை சார். நிஜமாகவே பரிதாபப்பட்டான். என் டீக்கும் சேர்த்து அவனே காசு கொடுத்துவிட்டுப் போனான். எனக்குக் கோபம் வரவில்லை. கோபத்தில் செய்தேன் என்று தயவுசெய்து எழுதாதீர்கள்.

இப்போது ஆலை வேலையைச் சொல்ல வேண்டும். பழைய இரும்பில் மூடிய சாமான்கள் வரும். கேஸ் சிலிண்டர், லாரி ஷாக் அப்சார்பர் மாதிரி. அப்படியே உலையில் போட்டால் உள்ளே அடைபட்டிருப்பது வெடித்து, உருகிய இரும்பைத் தூக்கி வெளியே எறியும். அதனால் ஆலை யார்டில் ஒருவர் அவற்றைப் பொறுக்கி, அறுத்துத் திறந்துவிட்டுத்தான் உள்ளே அனுப்ப வேண்டும். அந்த ஒருவர்தான் தேசப்பன். அறுத்து முடித்ததும் சுண்ணாம்புக் குழம்பில் மூன்று விரலை முக்கி, நெற்றியில் திருநீறு பூசுவது போல இரும்பின்மேல் ஒரு பட்டை இழுப்பார். “துன்னூறு பூசிக்கிச்சி. இனிமே தைரியமா தீ மிதிக்கலாம்” என்பார். வேடிக்கையாக ஆரம்பித்தது, நாளாவட்டத்தில் ஆலையின் சட்டமே அதுதான் என்றாகிவிட்டது. பட்டை இருந்தால் போடலாம், இல்லாவிட்டால் தள்ளி வைக்க வேண்டும். இத்தனை வருடத்தில் அவர் கை ஒரு தடவைகூடத் தவறியதில்லை. உலைக்காரர்கள் இரும்பைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பட்டையை மட்டும் பார்க்கப் பழகியிருந்தார்கள்.

டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை, தேசப்பன் சாப்பிடப் போயிருந்தார். இரண்டு மணி ஷிப்டில் ஜெரால்ட் இருந்தான். என் லோடில் வந்த ஒரு ஷாக் அப்சார்பரை எடுத்தேன். அறுக்காதது. தேசப்பனின் சுண்ணாம்பு டப்பாவில் மூன்று விரலை முக்கினேன். என் விரல்கள் அவருடையதைவிடத் தடிமன் என்பதால் பட்டை கொஞ்சம் அகலமாக விழுந்தது. உலைக்குப் போகிற குவியலில் அதை வைத்துவிட்டுக் கையைக் கழுவினேன். பிறகு ஆபீஸ் அறையில் உட்கார்ந்து மோர் குடித்தேன்.

ஒன்றை நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். நான் அவனைத் தள்ளவில்லை, அடிக்கவில்லை. அவன் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்திருந்தால் அறுத்த வாய் இல்லை என்று தெரிந்திருக்கும். பிழைத்திருப்பான். அந்த வாய்ப்பை அவனுக்கு வைத்திருந்தேன். நானாக இருந்தால் மூன்று தடவை திருப்பிப் பார்த்திருப்பேன். போதும் என்கிறவன் ஒரு தடவைதான் பார்க்கிறான்.

சத்தம் கேட்டபோது டம்ளரில் பாதி மோர் இருந்தது. கிரேன் ஓட்டும் அன்புசெல்வனுக்குக் கை வெந்துபோனது. அவனை நான் நினைத்துப் பார்க்கவில்லை, அது என் தவறுதான். ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும் நானே கட்டினேன். அவன்தான் உங்களிடம், ஜெரால்ட் போட்ட சாமானில் பட்டை இருந்ததைப் பார்த்தேன் என்று சொன்னவன். அவன் பொய் சொல்லவில்லை. தேசப்பனும், “பட்டை இருந்துச்சின்னா அது என் கைதான் சார், என் கண்ணுதான் ஏமாந்துடுச்சி” என்று ஒப்புக்கொண்டார். வேறொருவர் அந்தப் பட்டையை இழுப்பார் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கேட்டுக்கொண்டு நான் பக்கத்தில்தான் நின்றேன்.

சவ அடக்கத்துக்குப் பெட்டி வாங்கிக் கொடுத்தேன். தேக்கு. அன்றைக்குப் படுத்தவன் விடிந்த பிறகுதான் எழுந்தேன். மறுநாளும் அப்படியே. பீரோவைத் திறக்கவில்லை. முப்பது நாள் தாண்டியது. வீடுகூட அதற்குமேல் தாங்கவில்லை, இது தாங்கியது. கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஹெலன்கூட என் முகம் தெளிந்திருக்கிறது என்றாள்.

நாற்பதாம் நாள் ஜெபத்துக்கு ஜெரால்ட் வீட்டுக்குப் போனோம். பாட்டு முடிந்து சாப்பாடு போடுகிற நேரத்தில் தேசப்பன் வந்தார். ஜாமீனில் வந்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். வேலையும் போய்விட்டது. நேராகப் போய்த் தமிழ்செல்வியின் காலில் விழுந்தார். அவ்வளவு பெரிய மனுஷன் ஒரு பெண்ணின் காலைப் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் அழுவதை நான் பார்த்ததில்லை. அவள் திட்டுவாள் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவள் குனிந்து அவர் தோளைப் பிடித்துத் தூக்கினாள்.

“நீ இன்னா நைனா பண்ணுவ? தெரிஞ்சா செஞ்ச? எம்மேல ஆணையா உம்மேல எங்களுக்கு ஒண்ணும் இல்ல. அவரு இருந்தாலும் இதத்தான் சொல்வாரு. கைய கழுவிக்கினு வா, துன்னு.”

அவர் இலையில் அவளே சோறு வைத்தாள். அழுதுகொண்டே சாப்பிட்டார். சாப்பிடச் சாப்பிட அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. எழுந்திருக்கும்போது, ஒரு பெரிய மூட்டையை இறக்கிவைத்த ஆள் போல இருந்தார். வேலை போய், கேஸ் நடந்து, நாளைக்கு அடுப்பு எரியுமா என்று தெரியாத மனுஷன். நான் பக்கத்து இலையில் இருந்தேன். எனக்கும் அதே சோறு, அதே குழம்பு. தமிழ்செல்வி என்னைப் பார்த்து, “நல்லா சாப்புடுங்கண்ணா” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அன்றிலிருந்து மறுபடி பீரோவைத் திறந்து பார்க்கிறேன்.

அதனால்தான் வந்தேன் சார். தேசப்பன் எதுவும் செய்யவில்லை. செய்யாத ஒருவருக்கு அது எப்படிக் கிடைக்கலாம்? நாற்பது நாள் ஒன்றும் கேட்காமல் பொறுத்துக்கொண்டிருந்தவன் நான். அறுக்காத இரும்பை எடுத்ததும், பட்டை இழுத்ததும், ஜெரால்டைக் கொன்றதும் நான்தான். அந்தச் சோறும் அந்தச் சொல்லும் எனக்குச் சேர வேண்டியவை.

கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தமிழ்செல்வியை இங்கே வரச் சொல்லி ஆள் அனுப்புங்கள், நான் காத்திருக்கிறேன். தேசப்பனுக்குச் சொன்னதையே எனக்கும் சொன்னால் போதாது. அவரைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும்.