செம்பின் மேல் ஒரு கிராப்பு

— செம்ப ஆட்டாம புடி லே, சீலா. நீ ஆட்டுத ஆட்டுல ஊசி எங்கிட்டுப் போகுதுன்னே தெரியல.

— பையப் பைய உருவு, அக்கா. செம்புல மாட்டியிருக்கது மெட்ராசுல இருந்து வாங்கியாந்த விக்கு.

— மெட்ராசுக்காரன் உன் தலையப் பாத்துச் செஞ்சானா, கரடியப் பாத்துச் செஞ்சானா? நாப்பது தாண்டின ஆளுக்கு இம்புட்டு முடி எங்க இருக்கும்? நெத்தியோரம் பாரு, சொவரு வச்சாப்புல நிக்கி. அங்கன ஒண்ணு இங்கன ஒண்ணுன்னு இருந்தாத்தான் முளைச்ச முடின்னு நம்புவாவ.

— அதுக்குத்தான உங்கிட்ட கொண்டாந்தேன். லேசுத் துணி பின்னுத கை. வலையில இருந்து ஒவ்வொண்ணா உருவிட்டன்னா ஒருத்தருக்கும் தெரியாது.

— கோயில் பீடத்துக்கு லேசு பின்னின ஊசி லே இது. இன்னைக்கு உன் மண்டைக்கு முடி புடுங்குது. நல்லா இருக்கும், போ. வகிட்டுப் பக்கம் ரெண்டு நரை சொருகட்டுமா?

— நரையெல்லாம் வேண்டாம்.

— மீசைக்கு நீ மை அடிக்குதது ஊருக்குத் தெரியாதாக்கும்.

— நீ கேலி பேசுததுக்கா நான் லீவு போட்டுட்டு உக்காந்திருக்கேன்? அடுத்த வியாழக்கிழம கல்யாணம்.

— வியாழக்கிழம கெடக்கட்டும். ஞாயித்துக்கிழம கோயில்ல மூணாவது கல்யாண ஓலை வாசிக்கணும், மொதல்ல அதப் பாரு. ரெண்டு ஊரு கோயில்லயும் பாதிரி ஐயரு எந்திரிச்சி, இந்தக் கல்யாணத்துக்கு தடை சொல்லுததுன்னா இப்பச் சொல்லுங்கம்பாரு. ரெண்டு ஓலை வாசிச்சாச்சி. மூணாவதுல எவனாவது அங்க போயி உன் தலையப் பத்தி வத்தி வச்சான்னு வையி, அதோட சரி. இதுக்கு மேல உனக்கு எந்த எடமும் அமையாது.

— தலைக்கெல்லாம் கோயில்ல தடை சொல்ல முடியாது, அக்கா.

— பொண்ணு வீட்ல சொல்லலாமுல்லா. அம்பாசமுத்திரத்துல விக்கு இல்லாம பொண்ணு பாக்கப் போனப்ப என்ன நடந்துச்சு? மாப்பிள்ளை எப்ப வருவாருன்னு உங்கிட்டயே கேட்டாவளே.

— அத எதுக்கு இப்பக் கெளப்புத?

— பேசாம பெர்சிசுகிட்ட உள்ளதச் சொல்லிரு லே. டீச்சரு, தன்மையான பொண்ணாத் தெரியுது.

— அவகிட்ட என்னத்துக்குச் சொல்லணும்? நெறமும் மட்டு, வயசும் முப்பத்தஞ்சு ஆச்சு. தாலுகா ஆபீசு மாப்பிள்ளை, அதுவும் தலை நெறைய முடியோட. அவ குடுத்து வச்சவ.

— தலை நெறைய முடி இந்தச் செம்புல இருக்கு. ரெண்டு காதுக்கு மேல ஒட்டடை மாதிரி கெடக்கதுதான் உனக்குச் சொந்தம். நீ அவ நெறத்தப் பேசுத. தூ.

— ஏ அக்கா, கொத்தாப் புடுங்குத. போதும், போதும்.

— உன் பேச்சக் கேட்டா கை நிக்கமாட்டேங்கு. இந்தா, மாட்டிப் பாரு.

— கண்ணாடியக் காட்டு. அக்கா, இது நெசமாவே என் முடி மாதிரியே இருக்கு. காலேஜ்ல கடைசி வருசம் இப்பிடித்தான் கெடந்துச்சு.

— ரசிச்சது போதும். வாசல்ல ஆளு வருது. பெர்சிசோட பெரியம்மால்லா, ஸ்ரீவைகுண்டத்துல இருந்து வந்திருக்காவ. கீழ கெடக்க முடியப் பாய்க்கு அடியில தள்ளு. வாங்க பெரியம்மா. வாறதா ஒரு எஸ்.டி.டி. போட்டிருக்கலாமே.

— தோத்திரம், சாரம்மா. தோத்திரம், மாப்ள. பிளவுசு தைக்கக் குடுக்க வந்தோம். பெர்சிசு பிள்ளையத் தையக்கடையில உக்கார வச்சிட்டு ஒரு எட்டு வந்தேன். மாப்ள, இப்பிடி வெளிச்சத்துக்கு வாங்க. தலைக்கு என்ன ஆச்சி?

— தலைக்கா? ஒண்ணுமில்லியே பெரியம்மா.

— பொண்ணு பாக்க வந்த அன்னைக்குக் கம்மங்கொல்லை மாதிரி நின்னுச்சே. ஒரே மாசத்துல பாதியக் காணோம். இப்பிடிக் கொட்டுச்சுன்னா ஒடம்புல என்னமோ இருக்குன்னுதான நாங்க நெனைப்போம்?

— அது வந்து பெரியம்மா...

— கூசாதிய, மாப்ள. வழுக்கையெல்லாம் எங்க வீட்ல ஒரு கொறையே கெடையாது. பெர்சிசு அப்பா, எங்க கொழுந்தன், தாலி கட்டுத அன்னைக்கே உரிச்ச தேங்கா மாதிரிதான் வந்து நின்னாவ. அந்தத் தலைக்கு எண்ண தேச்சி விட்டு வளந்த பிள்ளை இவ. எதுவா இருந்தாலும் உள்ளதச் சொல்லிருங்க. தோத்திரம்னு கேட்டுக்கிடுதேன்.

— சொல்லு லே. பெரியம்மா இம்புட்டுத் தன்மையாக் கேக்காவ. சொல்லிரு.

— டைபாய்டு, பெரியம்மா.

— ஏலே, சீலா...

— நீ சும்மா இரு, அக்கா. பொண்ணு பாத்துட்டு வந்த மறுவாரமே படுத்துட்டேன், பெரியம்மா. அந்தக் காய்ச்சல்லதான் கொட்டிச்சு. திரும்ப முளைச்சிரும்னு டாக்டரு சொல்லிட்டாரு. அக்காதான் கஞ்சி வச்சிக் குடுத்தா. கேட்டுப் பாருங்க.

— அப்பிடியா, சாரம்மா? டைபாய்டா?

— ஆமா, பெரியம்மா. கஞ்சி... நான்தான் வச்சிக் குடுத்தேன்.

— தோத்திரம். நல்லதாப் போச்சு, நேர்ல வந்து கேட்டது.

— இருங்க பெரியம்மா, காப்பி போடுதேன்.

— காப்பி இருக்கட்டும். அன்னைக்கு எங்க வீட்ல சுத்துத காத்தாடிக்கு அடியில உக்காந்திருந்தியளே, மாப்ள, தலையில ஒரு முடி அசைஞ்சிச்சா? நீங்க படியிறங்கும் முன்னமே பெர்சிசு சொல்லிட்டா, அது விக்குன்னு. அவரு வாயால சொன்னார்னா, அதக் கழட்டி வச்சிட்டே கோயிலுக்கு வரச் சொல்லுங்க பெரியம்மான்னு சொல்லித்தான் என்னைய இங்க அனுப்பிவிட்டா.

— பெரியம்மா, நான் அத...

— மூணாவது ஓலைய வாசிக்க வேண்டாமுன்னு எங்க ஐயருகிட்டச் சொல்லப் போறேன். காரணம் கேப்பாரு. நான் என்னன்னு சொல்ல, மாப்ள? டைபாய்டு வந்தா கடையில வாங்கின முடியுமா கொட்டும்?