இலை காட்டும் பக்கம்

காட்டுப் பாதையில் சைக்கிள் விட வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லித் தருவது, டயரில் காற்றை முட்ட முட்ட அடிக்காதீர்கள் என்பதுதான். கொஞ்சம் மெத்தென்று இருந்தால்தான் வேரையும் கல்லையும் பிடித்துக்கொண்டு போகும். கேட்க மாட்டார்கள். விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டு வந்த பிறகு கேட்பார்கள். பதினெட்டு வருடமாக இதே பாட்டுதான்.

நீங்கள் பொறுமையாகக் கேட்கிறீர்கள், சார். அதனால் நானும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த மூலையில் சாய்த்து வைத்திருக்கிற கிளையை மட்டும் யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ந்த இலை, உதிர்ந்துவிடும்.

மலையடிவாரத்தில் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை என்னுடையது. மேலே இருக்கும் காட்டுப் பாதையைப் பராமரிப்பதும் என் பொறுப்பு. கோடைக்காலம் முழுக்க, ஆட்கள் வருவதற்கு முன்பே மேலே போய், விழுந்து கிடக்கிற கிளை, உருண்டு வந்த கல் எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிடுவேன். எந்தப் பாதை மூடியிருக்கிறதோ அதன் குறுக்கே ஒரு கிளையைப் போடுவேன். பலகை வைத்துப் பார்த்தாயிற்று. அதோடு போட்டோ எடுத்துக்கொண்டு, அதையும் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

குறுக்கே கிளை கிடந்தால் போகக்கூடாது என்பது வழக்கமாக வருகிற எல்லோருக்கும் தெரியும். இன்னொன்று எனக்கும் என் தங்கைக்கும் மட்டும்தான் தெரியும். இலை நுனி எந்தப் பக்கம் காட்டுகிறதோ, அந்தப் பக்கம் பாதை திறந்திருக்கிறது என்று அர்த்தம். அவளுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது நான் சொல்லிக்கொடுத்தது.

அந்த வருடம்தான் அம்மா போனாள். அப்பா அதற்கு முன்பே வேறு குடும்பம் பார்த்துக்கொண்டார். தங்கைக்குத் தலை பின்னிவிட்டது நான். கோணல்மாணலாகத்தான் இருக்கும், அப்படியே பள்ளிக்கூடம் போவாள். சைக்கிள் கற்றுக்கொடுத்ததும் நான்தான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதை அவளிடம் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. இரண்டு மூன்று தடவை சொல்லியிருக்கலாம்.

மாப்பிள்ளை பல் டாக்டர். இரண்டு கோடைக்கு முன்னால் வளைந்த சக்கரத்தோடு கடைக்கு வந்தார். நான் சக்கரத்தின் கோணலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தங்கையோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன், சார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கல்யாணம் முடிந்து கடை மாடியிலேயே குடியிருந்தார்கள். மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிடுவோம். எனக்கு ஒரு குறையும் இல்லை.

போன மாதம் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கடலோர ஊரில் கிளினிக் வைக்கப்போவதாகச் சொன்னார்.

"மச்சான், நீங்களும் வந்துடுங்களேன். அங்க எல்லாம் சமதரை. வயசான காலத்துல சைக்கிள் விட சுகமா இருக்கும்."

தங்கை தட்டு கழுவிக்கொண்டே சிரித்தாள். என்னைக் கேட்காமல் ஒரு செருப்புகூட வாங்காதவள், அன்றைக்கே பாதித் துணிமணியைப் பெட்டியில் அடுக்கி முடித்திருந்தாள். அந்த வீட்டில் தனியாக இருக்கப் பயமாக இருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆனாலும் இரண்டு பெட்டியைக் கயிறு போட்டு நான்தான் இறுக்கிக் கட்டிக்கொடுத்தேன்.

திங்கட்கிழமை கிளம்புவதாக இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கடைசியாக ஒரு சுற்று சைக்கிள் விடலாம் என்று மாப்பிள்ளைதான் ஆசைப்பட்டார்.

மலை உச்சியிலிருந்து பத்து நிமிடம் இறங்கினால் பாதை இரண்டாகப் பிரியும். வலப்பக்கம் சுற்றிச் சுற்றி ஓடைக்குப் போகும். இடப்பக்கம் அதே ஓடைக்குக் குறுக்குப் பாதை. ஒரு வளைவு தாண்டினால் மரப்பாலம், அதற்குக் கீழே பள்ளம். பாலத்தின் பலகைகள் உளுத்துவிட்டதால் வியாழக்கிழமை நான்தான் பிரித்துப் போட்டு, இடப்பக்கம் கிளையைக் குறுக்கே வைத்தேன். வீட்டில் சொல்லவில்லை. பெட்டி கட்டுகிற மும்முரத்தில் யாரும் கேட்கவுமில்லை.

ஞாயிறு காலையில் வழக்கம்போல் மேலே போனேன். இடப்பக்கம் கிடந்த கிளையை எடுத்து வலப்பக்கம் போட்டேன். இலை நுனியை இடப்பக்கம் பார்த்துத் திருப்பி வைத்தேன். அப்புறம் கீழே வந்து, அவர்கள் இரண்டு பேரையும் சைக்கிளோடு வேனில் ஏற்றி உச்சிக்குக் கூட்டிப்போனேன். இறக்கி வைக்கும்போது தங்கையின் பின்சக்கரத்தில் காற்றைப் பிடுங்கிவிட்டேன்.

"நீங்க போங்க மாப்பிள்ளை. இதைப் பாத்துட்டு நான் அவளைக் கூட்டிட்டு வரேன்."

"சரி மச்சான். ஓடைக்கிட்ட நிக்கிறேன்."

கைப்பிடியில் இருந்த மணியை இரண்டு தரம் அடித்துவிட்டுப் போனார். அது அவர் பழக்கம். நாலு நிமிட வேலையை நான் இருபது நிமிடம் செய்தேன். பிறகு, கொஞ்சம் இடைவெளி விட்டு வா என்று தங்கையிடம் சொல்லிவிட்டு என் சைக்கிளில் முன்னால் இறங்கினேன். பிரிவில் நிறுத்தி, கிளையைத் தூக்கி மறுபடி இடப்பக்கம் போடப் போனேன்.

அப்போதுதான் பள்ளத்திலிருந்து மணிச் சத்தம் கேட்டது. ஒரு தரம். கொஞ்சம் பொறுத்து மூன்று தரம். கை அடித்ததா, தானாக அடித்ததா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. பின்னால் தங்கையின் டயர் சரளைக்கல்லில் வருவது கேட்டது. அவசரத்தில் கிளையை அப்படியே இழுத்துப் போட்டுவிட்டேன். நுனியைத் திருப்பவில்லை. பதினெட்டு வருடத்தில் நான் செய்த ஒரே தவறு அதுதான், சார்.

அவள் வந்து நின்றாள். மணி அதற்குள் ஓய்ந்துவிட்டது.

"அண்ணா, இலை ஏன் இந்தப் பக்கம் இருக்கு?"

"காத்துல திரும்பியிருக்கும். நீ வா."

வலப்பக்கம் போனோம். ஓடைக்கரையில் அவர் இல்லை. தேட வந்தவர்களை நான்தான் முன்னால் நின்று கூட்டிப்போனேன், வலப்பக்கம் முழுவதும், ஒவ்வொரு புதராக. இடப்பக்கம் கிளை கிடக்குதே, யாரும் போயிருக்க மாட்டாங்க என்று சொன்னதும் நான்தான். மதியம் வரைக்கும் அவருக்கு உயிர் இருந்திருக்கிறது என்று உங்கள் டாக்டர் எழுதியிருக்கிறார். தெரிந்திருந்தால் போயிருப்பாயா என்று கேட்கிறீர்கள். மணி கேட்டது என்று சொன்னேனே.

ஆமாம், வேண்டுமென்றேதான் செய்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் தங்கைதான் என்னைப் பற்றிச் சொன்னாள் என்கிறீர்களே, அதை நான் நம்பவில்லை. அவளுக்கு என்மேல் கோபம் வராது. துக்கத்தில் ஐந்து நாளாகப் பேசவில்லை, அவ்வளவுதான். நான் பெட்டிகளைப் பிரித்து, அவள் துணிகளைப் பழைய அலமாரியிலேயே அடுக்கிவிட்டேன். இன்று காலை டீ எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அறைக்கதவு பூட்டியிருந்தது. வாசல்படியில் குறுக்கே ஒரு பச்சைக் கிளை கிடந்தது. இலை நுனி மாடிப்படியைப் பார்த்து, தெருப்பக்கமாக இருந்தது. ஜன்னல் திறந்திருந்தது, காற்றில் வந்து விழுந்திருக்கும் என்று எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, டீயைக் கதவருகில் மூடி வைத்துவிட்டு வந்தேன்.