மேல்வளைவுக் கம்பம் திரும்பி நிற்கிறது

அவைத்தலைமை ஏற்றிருக்கும் தலைமைப் பொறியாளர் அவர்களே, அலுவலகத் தோழர்களே, ஆற்றோரக் குடியிருப்பிலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் அண்ணி அவர்களே, வணக்கம். தாமதமாக வந்தமைக்குப் பொறுத்தருள வேண்டுகிறேன். நேற்றைய காற்றில், ஆற்றின் மேல்வளைவில் நீர்மட்டம் அளக்கும் நிலையத்தின் ஆன்டெனா திரும்பிவிட்டது. அங்கிருந்து நீர்மட்டக் கணக்கு வந்துசேருமா என்று சிக்னல் அறையில் காத்திருந்தேன். வரவில்லை.

அந்த நிலையத்தை அமைத்தவருக்கே இன்று அஞ்சலி செலுத்துகிறோம். பணிப்பெயர் முதுநிலைத் தொழில்நுட்பர். நமக்கோ அவர் கம்பத்தார். தரையில் நின்றதைவிடக் கம்பத்தில் நின்றதே அதிகம் அல்லவா? வெள்ளக் காலத்தில் ஆள் இறங்கி அளந்த ஆற்றை, ரேடியோ அலையில் தானாகவே கணக்குச் சொல்ல வைத்தார். பேட்டரி முனையில் பூத்த உப்பைச் சுரண்டினார்; சூரியத் தகட்டில் பறவை எச்சத்தைத் துடைத்தார்; கருவிப் பெட்டிக்குள் கூடுகட்டிய குளவிகளிடம் கொட்டும் வாங்கினார்.

மேல்வளைவில் ஆன்டெனாவைத் திசைபொருத்திய நாளைச் சொல்கிறேன். அவர் கம்பத்தின் உச்சியில், நான் சிக்னல் அறையில், இருவர் கையிலும் வாக்கி-டாக்கி. என் மேடைத்தமிழுக்காக அவர் எனக்கு வைத்த பெயர் டீச்சரம்மா.

"அலைவலிமை திருப்திகரமாக உயர்ந்துவருகிறது, அண்ணா."

"டீச்சரம்மா, மேடைப் பேச்ச அப்புறம் வச்சுக்கலாம். ஏறுதா, இறங்குதா? கை விட்டுப்போகுது."

"ஏறுது."

"இன்னும் கொஞ்சம் திருப்பிப் பாக்குறேன்."

"சரி."

காதில் விழுந்தது என்ற பொருளில் நான் சொன்ன சொல் அது. திசை அமைந்துவிட்டது என்று அவர் கொண்டார். போல்ட்டுகளை இறுக்கிவிட்டு இறங்கியும் விட்டார். ஆன்டெனா ஒரு கோழிப்பண்ணையை நோக்கி நின்றது! "போகட்டும், கோழிக்கும் வெள்ளம் வர்றது தெரியணும்ல" என்று சொல்லிக்கொண்டே மறுபடி ஏறினார். அன்றே 'சரி'யை விலக்கினார். காதில் விழுந்தால் 'கேட்டுச்சு'. திசை அமைந்தால் 'பூட்டு'. இன்றும் நம் அலுவலகத்தில் அதுவே வழக்கம்.

சென்ற மழைக்காலத்தில் ஆற்றோரக் குடியிருப்பு உரிய நேரத்தில் காலியானது எதனால்? மேல்வளைவு முன்கூட்டியே சொன்னதனால். அண்ணியின் வீடும் அங்கேதான் இருக்கிறது.

மருத்துவமனையில் என்னைக் கண்டதும் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "மேல்வளைவு பேசுதா?" அண்ணிக்குப் பொறுக்கவில்லை. "மூச்சு வாங்குது, இப்பவும் அதே நெனப்பு. பேசாம அந்தக் கம்பத்தையே கட்டியிருக்கலாம் இவரு." அண்ணன் சிரித்தார். "அது உன்ன மாதிரி பேசாதுல்ல, நாள் பூரா." அவர் சிரித்து நான் கண்டது அதுவே கடைசி.

மலையில் மழை தொடங்கிவிட்டது. புதிய தொழில்நுட்பர் பொறுப்பேற்கும்வரை பொறுக்கலாம் என அலுவலகம் கருதுவதாக அறிகிறேன். ஆறு பொறுக்குமா? அண்ணனின் பணியைத் தொடர்வோம் என்று இங்கே பலரும் உறுதி கூறினீர்கள். நானும் கூறுகிறேன். கம்பம் ஏறுவதைப் பார்த்தும் பழகியும் நானே கற்றுக்கொண்டேன். நாளைக் காலை ஏறச் சித்தமாக இருக்கிறேன். ஒரு வண்டி, கீழே கயிறு பிடிக்க ஒருவர், சிக்னல் அறையில் ஒருவர் தேவை. தலைவர் அவர்களே, இந்தக் கூட்டம் கலைவதற்குள் தங்கள் பதிலைத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.