சேற்றில் இறங்கிய டிரெய்லர்

கீழ்வேளூரில் பேருந்தில் ஏறிய இரண்டு பெண்கள் என் முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். மூத்தவர் சொன்னதைக் கேட்டுச் செய்தித்தாளை மடித்துவிட்டேன்.

“படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கு. இப்ப அதுல யூரியா மூட்டைதான் தூங்குது.”

“கடலோரம் தங்கறதுக்குன்னு உங்க வீட்டுக்காரரு செஞ்ச டிரெய்லராக்கா?”

“அதேதான். துபாய்லேர்ந்து பதினஞ்சு நாள் லீவுல வந்தாரு. வேதாரண்யம் போறதுக்கு முன்னாடி ஒருநாள் நம்ம வயல்லயே தங்கிப் பழகிக்கலாம்னு, ஜீப்புல கோத்து இழுத்துட்டு வந்து வாய்க்காலோர வயல்ல இறக்கிட்டாரு.”

“அறுத்த வயல்தானே?”

“மேல காஞ்சு வெடிச்சுக் கெடந்துச்சு. அடியில சேறு. சக்கரம் முழுசாப் பொதைஞ்சிருச்சு. டிராக்டர் கட்டி இழுத்ததுல அச்சு முறிஞ்சு போச்சு. அதைச் சரிபண்றதுக்குள்ள லீவும் முடிஞ்சிருச்சு.”

“பாவம், அண்ணனுக்குத் தெரியல.”

“இருபது வருசமா அங்க இருக்கறவருக்கு எப்படித் தெரியும்? வருசா வருசம் அந்த வயல்ல நடவுக்கு இறங்கறவ நானு. எனக்குத் தெரியும்.”

“சொல்லியிருக்கலாமேக்கா.”

“‘நம்ம வயல் நமக்குத் தெரியாதா’ன்னு சிரிச்சுக்கிட்டே ஸ்டியரிங்கை ஒடிச்சாரு. எனக்கு வாய் வரல.”

நடத்துனர் சீட்டுக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

“இப்ப தினம் போன்ல அதையேதான் சொல்றாரு. ‘உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்’னு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

மூத்தவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“‘கேட்டிருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காதுங்க’ன்னு சொல்லிட்டேன்.”