ஏலம் முடிந்த பொருள்

பொட்டலம் கட்டுவதில் என்னை யாரும் குறை சொன்னதில்லை. முப்பது வருடமாகப் பழைய ரேடியோக்களைப் பழுதுபார்த்து அனுப்புகிறேன். ஒன்றுகூட வழியில் உடைந்ததில்லை.

உங்கள் ஆள் ரேடியோவின் பின்பக்க அட்டையைக் கழற்றிப் பார்த்துவிட்டார் என்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். நல்லது. இனிச் சுருக்கமாகச் சொல்லலாம்.

பழைய ரேடியோ சேகரிப்பவர்களுக்காக இணையத்தில் ஒரு மன்றம் நடத்துகிறேன். மாதம் ஓர் ஏலம். கடைசி நிமிடத்தில் யாராவது விலையை ஏற்றினால் ஏலம் ஐந்து நிமிடம் நீளும் என்பது நான் வைத்த விதி. மற்றவர்களுக்கும் யோசிக்க நேரம் வேண்டாமா?

'சுத்தியல்' என்ற பெயரில் ஒருவர் வந்து சேர்ந்தார்.

"இது என்ன பஸ்ஸா வாத்தியாரே, ஓடி வர்றவனுக்காக நிறுத்தி வைக்க?" என்று எழுதினார்.

நாற்பத்தொரு பேர் சிரித்தார்கள். பெயர்களை நான் பார்த்துவைத்தேன்.

நான் பத்தி பத்தியாக விளக்குவேன். அவர் அதைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொன்றின் கீழும் ஒரு கிண்டல் வைப்பார். "போய்ப் படுங்க வாத்தியாரே" என்று முடிப்பார். பதினோரு மாதம் இப்படி. கடைசியில் வாக்கெடுப்பு வைத்தோம். தோற்றேன். இனிக் குறித்த நொடியில் ஏலம் முடியும். முடிந்த பிறகு விற்பவர் பொருளில் கைவைக்கக் கூடாது. இரண்டாவது விதியும் அவர் சேர்த்ததுதான்.

அடுத்த ஏலத்துக்கு ஒரு மரப்பெட்டி ரேடியோவை எடுத்தேன். அவர் வெகுநாளாகத் தேடிய மாடல். பித்தளைக் குமிழ்களைத் துடைத்தேன். உள்ளே ஒரு மின்கம்பியை இடம் மாற்றினேன். பிறகு பட்டியலில் போட்டேன். மூன்று நொடி இருக்கும்போது பாய்ந்து எடுத்தார். வேறு யாராவது எடுத்திருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

முகவரியோடு இதையும் அனுப்பியிருந்தார்:

"அக்காவுக்குத்தான் வாத்தியாரே. கண்ணு சுத்தமா போயிடுச்சு, தடவித் தடவித்தான் ஸ்டேஷன் மாத்துவாங்க. நம்ம சண்டைய மனசுல வெச்சுக்காதீங்க. குமிழ் ஆடாதுல்ல?"

"ஆடாது" என்று பதில் எழுதினேன். அது உண்மை.

ரேடியோ இரண்டு நாள் என் மேசைமேல் இருந்தது. நான்கு திருகாணிகள், கால் மணி நேர வேலை. திருப்புளியைக் கையில் எடுத்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஏலம் முடிந்த பொருள். விதி விதிதான். அதற்காகத்தானே அத்தனை பேர் கை தூக்கினார்கள். குமிழ்களைச் சுற்றிப் பஞ்சு வைத்து, பெட்டியை இரண்டு சுற்றுக் கட்டி, 'கவனமாகக் கையாளவும்' என்று சிவப்பு மையில் எழுதி அனுப்பினேன்.

ஒன்பதாம் நாள் மன்றத்தில் எழுதினார்:

"அக்கா போயிட்டாங்க. ரேடியோல கை வெச்சாங்க, அவ்வளவுதான். ப்ளக் பழசா இருக்குன்னு நான்தான் மாத்தினேன். ஏதோ தப்பா மாட்டிட்டேன் போல. வாத்தியார யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க, அவர் சாமான் சுத்தம். எல்லாம் என் தப்பு."

அதை மூன்று முறை படித்தேன். அவர் தன் தவறை ஒப்புக்கொண்டது அதுவே முதல் தடவை.

அன்றே அவரை மன்னித்துவிட்டேன்.