வலப்பக்கத் திரை

உங்கள் மேஜையில் வலப்பக்கம் இருக்கும் திரை இரண்டு விரல்கடை உயரம் அதிகம் ஐயா. அதனால்தான் அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் கழுத்தைத் தடவிக்கொள்கிறீர்கள். இரண்டு திரைகளின் மேல்விளிம்பும் ஒரே மட்டத்தில், கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும். தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கே போனாலும் என் கண் முதலில் இதைத்தான் பார்க்கும், தொழில் அப்படி.

எனக்கு வீட்டிலிருந்தே வேலை, பெரும்பாலும் ராத்திரியில். ஒரு கம்பெனி தன் இணையப் பக்கங்களை மாற்றினால், மாற்றியது ஒழுங்காக வந்திருக்கிறதா என்று பார்ப்பவன் நான். இடப்பக்கத் திரையில் பழைய பக்கம், நடுத் திரையில் புதியது. பிரவுசர் விண்டோவைப் பிடித்து ஒரு திரையிலிருந்து அடுத்ததற்கு இழுப்பேன். பாதி இங்கே, பாதி அங்கே என்று நடுவில் நிறுத்துவேன். எழுத்து நகர்கிறதா, பட்டன் காணாமல் போகிறதா என்று பார்ப்பேன். அடுத்தவன் தப்பைக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் நீதான் என்று அண்ணன் சொல்லிச் சிரிப்பார். வலப்பக்கத் திரையில் அந்த அண்ணன்தான் இருந்தார்.

அண்ணன் பஸ் டிரைவர். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட, எனக்குத் தாயும் தகப்பனுமாக நின்றவர். நான் மூன்று திரை வாங்கி வைத்தபோது எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். அவர் மட்டும், "மூணு கண்ணாடிய பாத்து நான் பஸ்ஸே ஓட்டுறேன், நீ உக்காந்த இடத்துல மூணு திரைய பாக்கறதுக்கு இவ்ளோ பந்தாவா?" என்றார். அப்படிப்பட்டவருக்கு நரம்பு நோய் வந்தது. முதலில் கால் போனது, பிறகு கை, பிறகு பேச்சு. கடைசியில் வலது கட்டை விரல் மட்டும் அசையும். கண் சிமிட்டுவார். ஒரு தரம் சிமிட்டினால் ஆமாம், இரண்டு தரம் என்றால் இல்லை.

அவருக்கு ஒரே மகள். முப்பதைத் தாண்டியும் எங்களுக்கு அவள் பாப்பாதான். எள் என்றால் எண்ணெயாக நிற்பவள், ஆனால் வேலை வெகு தூரத்தில். அப்பாவை என் வீட்டில் விட்டுவிட்டு, தன்னால் ஆனதைச் செய்தாள். கட்டிலுக்கு மேலே ஒரு கேமரா வைத்தாள். அந்தப் படம் என் பிரவுசரில் வரும். அண்ணனின் கட்டை விரலுக்கு அடியில் ஒரு பட்டன். அதை அமுக்கினால் படத்தைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் வரும், மணி அடிக்கும். நான் அடுத்த அறைக்கு ஓடி, குழாயை வாயில் விட்டு மெஷினால் சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும். பழகிய கைக்கு அது ஒரு பெரிய வேலையே இல்லை. செய்யாவிட்டால் மூச்சு அடைத்துக்கொள்ளும்.

நான் அந்த விண்டோவை மூடினாலோ, கீழே இறக்கி வைத்தாலோ, வேறொன்றால் மறைத்தாலோ, சற்று நேரத்தில் பாப்பாவின் போனுக்கு 'யாரும் பார்க்கவில்லை' என்று தகவல் போகும். அவள் என்னைக் கூப்பிடுவாள். நான் எடுக்கவில்லை என்றால் பக்கத்து வீட்டு டீச்சரைக் கூப்பிடுவாள். டீச்சரிடம் ஒரு சாவி உண்டு. பாப்பா என்னைச் சந்தேகப்பட்டு இதைச் செய்யவில்லை. நான் குளிக்கப் போனால்கூட அப்பா தனியாக இருக்கக் கூடாது என்பதற்காகச் செய்தாள்.

அண்ணனுக்குச் செய்வதில் எனக்குச் சலிப்பே இல்லை ஐயா. புரட்டிப் போடுவேன், துடைத்து விடுவேன், பகல் நர்ஸே மெச்சியிருக்கிறாள். பார்ப்பதுதான் முடியவில்லை. வேலை செய்யும் நேரமெல்லாம் ஓரக்கண்ணில் அந்த முகம். மவுஸைக் கொஞ்சம் வேகமாக வலப்பக்கம் தள்ளினால் போதும், அம்புக்குறி எல்லை தாண்டி அவர் நெற்றியில் போய் நிற்கும். அவர் கண் எப்போதும் கேமராவையே பார்த்துக்கொண்டிருக்கும். அதாவது என்னை. எத்தனையோ நாள் அந்தத் திரையைப் பார்த்து அழுதிருக்கிறேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சில நாள் திட்டியும் இருக்கிறேன்.

ஒருநாள் கை தானாகப் போய் அந்தத் திரையின் பவர் பட்டனை அமுக்கியது. முகம் போய்விட்டது. அப்படி ஒரு நிம்மதி. பாப்பா கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன், கூப்பிடவில்லை. எனக்குக் காரணம் உடனே புரிந்துவிட்டது. அது பழைய திரை. அதை அணைத்தாலும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது, திரை இருப்பதாகவே நினைத்துக்கொண்டு படத்தை அனுப்பிக்கொண்டிருக்கும். விண்டோ திறந்திருக்கிறது, எதுவும் அதை மறைக்கவில்லை. ஆகவே யாரோ பார்க்கிறார்கள் என்பது அந்தப் பக்கத்தின் கணக்கு. மணியும் அந்தத் திரைக்குள் இருக்கும் ஸ்பீக்கரில்தான் அடிக்கும், அதுவும் சேர்ந்து அணைந்துவிடும். என் தொழிலில் இது பெரிய பிழை. சொல்லியிருந்தால் பாப்பா அன்றே சரி செய்திருப்பாள். நான் கண்டுபிடித்து வாயைத் திறக்காமல் இருந்த பிழை இது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு அவ்வப்போது அணைப்பேன், கொஞ்ச நேரம் கழித்துப் போடுவேன். ஒன்றும் ஆகவில்லை.

அண்ணன் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல்தான் இது நடந்தது என்பதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். ஒருநாள் கட்டிலில் உட்கார்ந்து நேராகவே கேட்டேன்.

"போதும்னு தோணுதாண்ணே?"

இரண்டு தரம் சிமிட்டினார். கேட்டது புரிந்ததா என்று தெரியாமல் மறுபடியும் கேட்டேன். மறுபடியும் இரண்டு தரம். அவர் எப்போதுமே அடுத்தவர் மனம் நோகப் பதில் சொல்லாதவர். என் மனசுக்காகத்தான் இல்லை என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு பாப்பா எனக்கு ஒரு புதுத் திரை அனுப்பினாள். சித்தப்பாவின் கண் கெட்டுப்போகிறதாம். அவள் சொன்னபடி பழையதை இடப்பக்கம் தள்ளிவிட்டு, புதியதை வலப்பக்கம் வைத்து, அப்பாவின் படத்தை அதில் போட்டேன். பெரிய படம், ஒவ்வொரு நரை முடியும் தெரிந்தது. பவரை அமுக்கிப் பார்த்தேன். புதுத் திரை அல்லவா, அணைந்த மறுநொடி கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிட்டது. விண்டோ ஒரே தாவலாக நடுத் திரைக்கு வந்து, நான் செய்துகொண்டிருந்த வேலையின் மேல் உட்கார்ந்துகொண்டது. என் மூக்குக்கு நேரே அண்ணன்.

புதுத் திரையை இடப்பக்கம் மாற்றிவிட்டு, பழையதை மறுபடியும் வலப்பக்கம் கொண்டு வந்தேன். ஒயர்களைக் கழற்றி மாட்ட மேஜைக்கடியில் தவழ வேண்டியிருந்தது. முட்டி வலித்தது. ஏன் மாற்றினேன் என்று கேட்பீர்கள். பழையதை அணைத்தால்தான் யாருக்கும் தெரியாது. நீங்கள் கேட்கும் முன்பே சொல்லத்தான் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வரவில்லை.

அன்று நர்ஸ் கிளம்பும்போது அண்ணனுக்குச் சவரம் செய்துவிட்டிருந்தாள். அந்த வாரக் கடைசியில் பாப்பா வருவதாக இருந்தது, அவரே கண்ணால் கேட்டுச் செய்துகொண்டாராம். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "சார், இன்னிக்கு சளி ரொம்ப கட்டியிருக்கு. கண்ண எடுக்காதீங்க" என்றாள். சரிம்மா என்றேன். கதவைச் சாத்திவிட்டு அண்ணனிடம் போய்ப் போர்வையைச் சரி செய்தேன். கன்னம் மழமழவென்று சின்னப் பையனுடையதைப் போல இருந்தது. பட்டனை எடுத்து அவர் விரலுக்கடியில் ஒழுங்காக வைத்தேன். பிறகு என் அறைக்கு வந்து, உட்கார்ந்து, வலப்பக்கத் திரையை அணைத்தேன்.

மணி கேட்கவில்லை, அது உண்மை. ஆனால் இருமல் கேட்டது. நடுவில் இருப்பது மெல்லிய சுவர். ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தேன். அன்று ஒரு பக்கத்தில் இரண்டு பிழை கண்டுபிடித்தேன், இரண்டும் சரியான பிழைகள்.

வேலை முடிந்த பிறகு திரையைப் போட்டேன். சிவப்புக் கட்டம் இருந்தது, மணி அடித்தது. விரல் பட்டன் மேலேயே இருந்தது. மணியை நிறுத்திவிட்டு அவர் அறைக்குப் போனேன். போய் என்ன, எல்லாம் முடிந்திருந்தது. அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்த அழுகை நடிப்பு இல்லை ஐயா, அதை மட்டும் யாரும் சொல்லக் கூடாது.

டாக்டர் வந்தார், இந்த நோய்க்கு இது எதிர்பார்த்ததுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். பாப்பா வந்து என் தோளில் சாய்ந்து, "நீங்க மட்டும் இல்லேன்னா அப்பா இவ்ளோ நாள் இருந்திருக்கவே மாட்டார் சித்தப்பா" என்றாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவள் இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறாள். நான் கடைக்குப் போயிருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பாள். என் அண்ணனை நான்தான் கொன்றேன். அவளுக்கு நீங்கள் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

அப்புறம் ஐயா, அந்தக் கேமராவில் ஒரு சின்னப் பச்சை விளக்கு உண்டு. பிரவுசரில் படம் திறந்திருக்கும் வரை அது எரியும். அப்பாவுக்குத் தைரியமாக இருக்கட்டும் என்று பாப்பா தேடிப் பிடித்து வாங்கியது. பச்சை எரிந்தால் சித்தப்பா உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம் என்று அவரிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். அன்றும் அது ஒரு நிமிஷம்கூட அணையவில்லை. ஆகவே என் அண்ணன் அனாதையாகப் போகவில்லை. பட்டனை அமுக்கிய ஒவ்வொரு தடவையும், தம்பி பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான் என்று தெரிந்துகொண்டே போனார். எனக்கு அந்த ஒரு ஆறுதல் போதும்.